அடிக்கு ஒரு நூல்

கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? அதுவும் சுலோச்சனாவுக்கு! பம்பு கம்பெனியில் வார்ப்புச் சாமான்களை அளந்து பார்த்து, சரியா இருந்தால் ஒரு டிக், இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு என்று சாக்பீஸால் போட்டுத் தள்ளுகிறவள். அளக்கிற வெர்னியர் இல்லாத நேரத்தில் கரண்டி, கரண்டி இல்லாத நேரத்தில் விளக்குமாறு என்று எதையாவது பிடித்தே பழகிய கை. அந்தக் கை இரண்டும் இப்போது முழங்கைக்குப் பாதி வரைக்கும் மருதாணியைப் பூசிக்கொண்டு, ஆளுக்கொரு தலகாணி மேல், கோயில் வாசலில் காசு கேட்கிற மாதிரி விரிந்து கிடந்தன. சௌரிபாளையத்தில் மாடியில் இருக்கிற பியூட்டி பார்லர். நீலகிரித் தைல வாசம் தலைக்கு ஏறியது. மருதாணி வைத்த கையோடு உட்கார்ந்தால் மூக்கு அரிக்கும் என்று யார்தான் சட்டம் போட்டார்களோ, அரித்தது. தோள்பட்டையைத் தூக்கி அதில் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். நாளைக்கு அண்ணன் மகள் தீபிகாவுக்குக் கல்யாணம், இன்றைக்குச் சாயங்காலம் ரிசப்ஷன். பெண்ணுக்கு அத்தை, மருதாணி இல்லாமல் நின்றால் ஒறம்பரைச் சனம் என்ன பேசும் என்று அண்ணிதான் விரட்டி அனுப்பினாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஜவுளிக்கடைப் பை. பைக்குள்ளே பழைய லுங்கியில் சுற்றிய அந்தச் சாமான். அதைப் பார்க்கக் கூடாது என்று வந்ததிலிருந்து வேறு பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஷபானா மருதாணிக் கூம்பைக் கீழே வைத்துவிட்டு, தள்ளி நின்று, தலையைச் சாய்த்து அவள் கையை ரசித்தாள். சின்ன வயசுப் பெண்தான், ஆனால் தொழிலில் படு கெட்டி. "யாரோ ராஜஸ்தான்காரி போட்டதுங்க்கா, போன்ல பாத்து அப்படியே எடுத்தேன். நல்லா வந்திருக்குல்ல?"

நல்லாத்தான் வந்திருக்கு என்று சொல்ல வாயைத் திறந்த சுலோச்சனாவின் காதில் அவள் சொன்னதே திரும்பவும் ஒலித்தது. எடுத்தேன், நல்லா வந்திருக்கு. சேலை முந்தானை ஆணியில் மாட்டின மாதிரி மனசு அங்கேயே மாட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே, இதே ரெண்டு வார்த்தை, இதே வரிசையில், எங்கே, யார் சொன்னது? கேள்வி கேட்ட மாத்திரத்தில் பதில் தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி ஒரு நிமிஷம் நடித்துப் பார்த்தாள். சுப்பு மாமாவின் குரல். அம்மாவின் தம்பி, செத்துப் போயாச்சு, ஆனால் குரல் மட்டும் சாகாமல் இந்தக் குடும்பத்தில் சுற்றிக்கொண்டு கிடக்கிறது. துண்டைத் தோளில் போட்டு, கையைக் கட்டி, முதுகை வளைத்து, அப்பாவை மாதிரியே செய்து காட்டுவார். "எடுத்தனுங்க. நல்லா வந்துச்சுங்க." அப்புறம் நிமிர்ந்து, தன் சொந்தக் குரலில், "திருடினவன் இப்படிச் சொல்லி எங்கயாச்சும் கேட்டிருக்கியாக்கா? நல்லா வந்துச்சாம்ல! கோழி அமுக்கினவன் கூட கொஞ்சம் கூச்சப்படுவான்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவாள். சுலோச்சனா அப்போது பாவாடை கட்டுகிற பிள்ளை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது. அழவேண்டுமா சிரிக்கவேண்டுமா என்று தெரியாமல் நின்றது இன்றைக்கும் முழங்காலில் ஞாபகம் இருக்கிறது. நல்லா வந்துச்சு. அப்படி என்னதான் நல்லா வந்தது?

அப்பா ஆறுச்சாமி ஒரு பெரிய ஃபவுண்டரியில் மோல்டர். மரத்தில் செய்த மாதிரியைப் பெட்டியில் வைத்து, மணலைப் போட்டு இறுக்கி, மாதிரியை உருவிவிட்டு அந்தக் குழியில் உருகிய இரும்பை ஊற்றுகிற வேலை. மரமாதிரி செய்கிற தச்சர்களுக்குத் தனி ஷெட். அந்த ஷெட்டில் மரம் இழைக்கிற சீமை இழைப்புளி ஒன்று இருந்தது, முழுக்க முழுக்க இரும்பு. ஊரை விட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மில் எஞ்சினியரிடமிருந்து பெரிய முதலாளி வாங்கியதாம். அடியில் கண்ணாடி மாதிரி வழவழப்பு, பின்பிடிக்குப் பக்கத்தில் அதைச் செய்த சீமைக் கம்பெனியின் பெயர் எழுத்தெழுத்தாகப் புடைத்து நிற்கும். அது ஒருநாள் காணாமல் போனது. முதலாளி அப்போது பம்பாயில். ஆபீசைப் பார்த்துக்கொள்ள நூல் மில்லிலிருந்து புதுசாக ஒரு மேனேஜர் வந்திருந்தார், வெள்ளைச் சட்டைக்காரர். இழைப்புளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஆறுச்சாமி மணல் பக்கம் போனதைப் பார்த்ததாக யாரோ சொல்ல, அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தது மேனேஜரும், கிளார்க்காக இருந்த சுப்பு மாமாவும் மட்டும். இழைப்புளிய நீ எடுத்தியா? எடுத்தனுங்க. இப்ப எங்க? வீட்டுல இருக்குதுங்க, நல்லா வந்துச்சுங்க. மேனேஜருக்கு மூஞ்சி சிவந்துவிட்டதாம். அதை நீயே வெச்சுக்க, நாளையிலிருந்து இந்தப் பக்கம் காலெடுத்து வெக்காத என்றாராம். அப்பா சரிங்க என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அவ்வளவுதான் வழக்கு, அவ்வளவுதான் தீர்ப்பு. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவரே வாயால் ஒத்துக்கொண்டாரே! ஒரே ஒரு தடவை, அடுப்பங்கரையில் எதற்கோ ஆரம்பித்த சண்டை முற்றி, அம்மா ஆங்காரத்தில் "எதுக்கய்யா எடுத்தே?" என்று கத்தினபோது, அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "தப்புதான். கேட்டுட்டு எடுத்திருக்கோணும்" என்றார். கேட்டுட்டு. கேட்டுட்டு எடுத்திருக்கோணும் என்று எந்தத் திருடனாவது சொல்வானா?

"கையை ஆட்டாதீங்கக்கா, இலை கலைஞ்சிரும்" என்றாள் ஷபானா. ஆடுவது கையா, மனசல்லவா ஆடுகிறது. இரு, இரு, ஓடாதே, ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள். கம்பெனியில் அவள் வாயிலிருந்தே ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது! புது பம்புக்கு அச்சு எடுத்தாச்சா? எடுத்தாச்சு மேடம். நல்லா வந்திருக்கா? நல்லா வந்திருக்கு. ஓட்டை, உடைசல் இல்லாமல், மணல் ஒட்டாமல் இரும்பு முழுசாக நிறைந்து வந்தால் 'நல்லா வந்துச்சு'. பாதியில் உறைந்துவிட்டால் 'வரலை'. மாதிரியை மணலில் பதித்து அச்சு வாங்கினால் 'எடுத்தேன்'. மோல்டர் பாஷையே அதுதான், வேறு எப்படிச் சொல்வான்? ஐயோ சாமி, நூல் மில்லிலிருந்து வந்த வெள்ளைச் சட்டைக்கு அது எப்படித் தெரியும்! மணலுக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் கேட்டிருக்கிறான், எடுத்தியா என்று. இவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், எடுத்தேன், நல்லா வந்துச்சு என்று. சீமை இழைப்புளியையே மாதிரியாக வைத்து, அச்சு எடுத்து, கடைசி உருக்கில் மிஞ்சின இரும்பை ஊற்றி, தனக்கென்று ஒன்று செய்துகொண்டிருக்கிறார் மனுசன்! காரியம் முடிந்ததும் சீமைச் சரக்கைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்திருப்பார். அப்புறம் அதை எந்தக் காக்காய் தூக்கிக்கொண்டு போனதோ யாருக்குத் தெரியும். கம்பெனி மணல், கம்பெனி இரும்பு, கேட்காமல் ஊற்றியது தப்புதான், அதற்குத்தான் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே வாழ்ந்து, நினைத்துக்கொண்டே செத்துப்போனார். தன்னைத் திருடன் என்று சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது! வீட்டில் யார் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னோம்? மரியாதையல்லவா காட்டினோம், பெரிய மரியாதை. சுலோச்சனாவுக்கு எழுந்து ஒரு குதி குதிக்கவேண்டும் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது, அதைத் துடைக்கக் கை இல்லை. தோளில் துடைத்துக்கொண்டு, மருதாணி எரிச்சல் என்று ஷபானாவிடம் பொய் சொன்னாள்.

ஆனால் தீபிகாவைப் பெத்த நாகராசண்ணன்? அண்ணனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. அந்த வயசில் ஒரு பையனுக்கு அப்பன் திருடன் என்று தெரிவது இருக்கிறதே, அது வேறு. அன்றையிலிருந்து யாரிடமும் எதையும் இரவல் வாங்கினதில்லை, ஒரு பேனா கூட. இன்றைக்கு சொந்தமாக ஸ்பேர் பார்ட்ஸ் கடை, ஊரில் நல்ல பேர். பக்கத்துக் கடைக்காரர் ஒரு டம்ளர் சர்க்கரை கேட்டால் கொடுப்பார், தான் கேட்கமாட்டார். அப்பாவைக் கடைசி வரைக்கும் வைத்துப் பார்த்துக்கொண்டார், ஆஸ்பத்திரிக்கு ஓடினார், ஒரு குறை வைக்கவில்லை. பேசினாரா என்று கேட்டால், சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதற்கு மேல் இல்லை. அப்படிப்பட்ட அண்ணனுக்கு நிச்சயதார்த்தத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது, மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன் அந்த ஃபவுண்டரியின் சின்ன முதலாளி என்று. தூக்கம் போயிற்று. நாளைக்கு மணவறை முன்னால் எவனாவது ஒருத்தன், ஆறுச்சாமி பேத்தியா, அந்த இழைப்புளி ஆறுச்சாமியா என்று சிரித்தால்? ஊர்வாயை மூட உலைமூடி இருக்கிறதா? முடிவு பண்ணிவிட்டார். இன்று சாயங்காலம் ரிசப்ஷனுக்கு வருகிற சின்ன முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த இழைப்புளியைக் கையில் கொடுத்து, எங்கப்பா செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க என்று சொல்லிவிடுவது. "பழைய வீட்டுப் பெட்டியில கிடக்குது, வர்ற வழியில எடுத்துட்டு வந்துரு அம்மணி" என்று காலையில் போன் பண்ணினார். அந்தக் குரலில் இருந்த நிம்மதிக்காகவே சுலோச்சனா எதுவும் சொல்லாமல் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். லுங்கியைப் பிரிக்கக்கூட இல்லை. திருட்டுச் சாமானைப் பிரித்துப் பார்ப்பானேன் என்று இருந்தது. சாயங்காலம் அண்ணன் அதைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. மகனே தன் கையால் முத்திரை குத்தின மாதிரி. அப்புறம் யார் போய், இல்லையில்லை, அது அப்பா ஊற்றியது என்று சொல்லி எவன் நம்புவான்?

நம்புவதற்கு என்ன வழி? இங்கேதான் சுலோச்சனாவின் மனசு சட்டென்று வேலைக்கு வந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தது. பேச்சை எப்படி வேண்டுமானாலும் திரிக்கலாம், இரும்பு பேச்சு மாறாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். கேசரியைத் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் ஓரத்தை விட்டு விலகி நிற்குமே, அதே கதைதான். அடிக்கு ஒரு நூல் சுருங்கும். பட்டறையில் நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் மரமாதிரி செய்கிற தச்சர் அடிக்கு ஒரு நூல் கூட வைத்தே செய்வார், சுருங்கினது போக அளவு சரியாக நிற்கும். ஆனால் ஏற்கெனவே இரும்பாக இருக்கிற இழைப்புளியையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்தால்? பிறக்கிறது தாயை விடச் சின்னதாகத்தான் பிறக்கும். அவள் கம்பெனியிலும் தச்சர் ஷெட்டில் இதே ஜாதிச் சீமை இழைப்புளி ஒன்று கிடக்கிறது. புது ஸ்டீல் ஸ்கேல் வந்த அன்று, வீட்டுக்காரரின் மூக்கைக்கூட அளந்துவிட்டு வந்த உற்சாகத்தில், அதையும் அளந்திருக்கிறாள். பதினாலு இஞ்ச், பிசகில்லை. முன்பக்கக் கைக்குமிழின் திருகுக்கும் பின்பக்கப் பிடியின் திருகுக்கும் நடுவே எட்டு இஞ்ச். அப்பாவுடையது அதே அளவுச் சீமைச் சரக்கிலிருந்து பிறந்ததென்றால் பதினாலுக்கு ஒரு நூலும் கொஞ்சமும் குறைய வேண்டும். குறைந்தால் அப்பா ஊற்றியது. குறையாவிட்டால்…

குறையாவிட்டால் என்ன செய்வாய் சுலோச்சனா? பதினாலு இஞ்ச் முழுசாக, கோட்டுக்கு மேல் கோடு உட்கார்ந்த மாதிரி நின்றால், அப்பா மறுபடியும் திருடனாவார், இந்த முறை நீயே அளந்து, நீயே குறுக்குக் கோடு போட்டு. அளக்காமலே இருந்துவிடலாம். ஒரு மணி நேரம் முன்னால் வரைக்கும் தெரியாமல்தானே இருந்தது, தலையா போயிற்று? அளக்கிற வேலையில் இருப்பவளுக்கு இந்தப் பயம் தெரியும். நல்லா வந்திருக்கும் என்று நம்பின சாமான்தான் அரை நூலில் கவிழ்த்துவிடும். அதோடு பெயர் வேறு இருக்கிறதே! அண்ணன் சொல்கிற பெரிய சாட்சியே அதுதான். சீமைச் சரக்கில் கம்பெனிப் பெயர் புடைத்து நிற்கும், இதில் ஒன்றுமில்லை. திருடினவன்தானே பேரை அரத்தால் ராவி எடுப்பான் என்பார். ராவி எடுத்தாரா அப்பா? அவர் ஆயுத பூஜைக்கு அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, நடு வாசலில் மணைப்பலகை மேல் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவார். திருட்டுச் சாமானுக்குப் பொட்டு வெக்கறதப் பாரு என்று அம்மா அவர் காதில் விழாமல் முணுமுணுப்பாள். ஒளித்து வைக்கவேண்டியதை நடு வாசலில் வைப்பாரா? அப்புறம் அந்த மெழுகுவத்தி! கடவுளே, மெழுகுவத்தி. வேலை போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கரண்ட் போன ராத்திரிக்கென்று அம்மா வைத்திருந்த துண்டு மெழுகுவத்தியைக் காணோம் என்று வீடே ரகளை. கடைசியில் பார்த்தால் அப்பா சட்டைப் பையில். எதற்குங்க இது என்றதற்கு, "பேரை மூடறதுக்கு" என்றார். மரை கழன்றுபோச்சு உங்கப்பனுக்கு என்றாள் அம்மா. பேரை மூடறதுக்கு! புடைத்து நிற்கிற எழுத்தைச் சுற்றி மெழுகை நிரப்பிச் சமமாக வழித்துவிட்டால், மணலில் எழுத்து விழாது. இன்னொருத்தன் பெயரைத் தன் சாமானில் விழவிடக் கூடாது என்று பார்த்திருக்கிறார். அப்படியானால், ராவின இடம் அரத்தின் கோடு கோடாகவோ வழவழப்பாகவோ இருக்கும். மூடி ஊற்றின இடம் மணலின் சொரசொரப்போடு, அரம் படாத பச்சைத் தோலாக இருக்கும். அதற்கு ஸ்கேல் கூட வேண்டாம். கட்டைவிரல் ஒன்று போதும். அந்தக் கட்டைவிரலில்தான் ராஜஸ்தான்காரியின் மயில் உட்கார்ந்திருக்கிறது.

"ஷபானா, எனக்கு ஒரு உபகாரம் பண்ணு சாமி. அந்தப் பையில ஒரு லுங்கி மூட்டை இருக்கும், எடு." வெறும் துணி மூட்டைதானே என்று நினைத்துக் கையை விட்ட ஷபானா, "அம்மாடி, என்னக்கா இது, இந்தக் கனம் கனக்குது, கல்யாணத்துக்குக் குண்டு கொண்டு போறீங்களா?" என்றாள். லுங்கி பிரிந்தது. தேங்காயெண்ணெய் சிக்கு வாசம் நீலகிரித் தைலத்தை ஒரு நொடி அமுக்கிவிட்டது. கறுப்பாக, அடக்கமாக, எவ்வளவு வடிவாக இருக்கிறது! "பின்னாடி ஒரு பிடி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல கட்டைவிரலை வெச்சுத் தடவு. வழவழன்னு இருக்குதா?" ஷபானா தடவினாள். கூம்பு பிடித்துப் பழகின விரல், நிதானமாகத்தான் தடவியது, சுலோச்சனாவின் உயிர்தான் போய்ப் போய் வந்தது. "வழவழன்னு இல்லக்கா. ரவை ரவையா இருக்கு. உப்புமா ரவை இல்ல, அதைவிடப் பொடுசு." "கோடு கோடா ஏதாச்சும்?" "ஒண்ணுமில்லக்கா. வறுத்த ரவைதான்." வறுத்த ரவை! சுலோச்சனா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பதினைந்து பேர் உட்கார்ந்து அறிக்கை எழுதினாலும் மணல் தோலுக்கு இதைவிட நல்ல பேர் வைக்கமுடியாது. "டேப்பு இருக்குதா?" ஷபானா ஓய்வு நேரத்தில் ப்ளவுஸ் தைக்கிறவள், டேப்பு சுவரிலேயே தொங்கியது. நீட்டிப் பிடித்தாள். "பதிமூணே முக்கால்… அதுக்கு மேல ஒரு கோடு… அதைத் தொடல, அதுக்கு ஒரு முடி அளவு முன்னாடியே நின்னுருச்சு." பதிமூன்றும் ஏழு நூலும், அதற்கும் ஒரு முடி குறைவு. பதினாலுக்கு ஒரு நூலும் கொஞ்சமும் குறை. அவள் மனசுக்குள் போட்ட கணக்கு அப்படியே டேப்பில் உட்கார்ந்திருந்தது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? விட்டதா அந்த இன்ஸ்பெக்டர் புத்தி! துணி டேப்பு, நாலு தீபாவளி இழுத்து நீண்டு போயிருக்கும். அதோடு ஓரத்தை யாராவது தேய்த்திருந்தால்? கீழே விழுந்து மூலை உடைந்து, அப்பா அரத்தில் சமன் பண்ணியிருந்தால்? ஒரு நூல் என்ன பெரிசு, ஓரத்தைத் தேய்த்தால் போய்விடும். அண்ணன் இதைத்தான் கேட்பார், கேட்காவிட்டாலும் ராத்திரி படுத்துக்கொண்டு நினைப்பார், நினைத்தால் தீர்ந்தது. ஓரம் ஆகாது. ஓரத்தைத் தேய்க்கலாம், நடுவே இருக்கிற தூரத்தை எவன் தேய்ப்பான்? திருகுக்கும் திருகுக்கும் நடுவில். அதுதான் பேசவேண்டும். "ஸ்டீல் ஸ்கேல் இல்லையா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெச்சிருக்குமே?" ஷபானா மேஜை இழுப்பறையைக் குடைந்து தன் மகளுடைய ஸ்கேலை எடுத்தாள். திருகின் மேல் வைத்தாள், நழுவியது. வைத்தாள், இந்தப் பக்கம் சரியாக இருந்தால் அந்தப் பக்கம் கோணியது. "எட்டா இருக்கும்க்கா." "இருக்கும்னா? எட்டா, எட்டுக்கு உள்ளயா?" "எட்டு மாதிரிதான் தெரியுது…" எட்டு! மாதிரி! இந்த 'மாதிரி' என்கிற வார்த்தைக்காக சுலோச்சனா கம்பெனியில் எத்தனை பேரைக் காய்ச்சி எடுத்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே இருந்தாள், இருக்க முடியவில்லை, அவ்வளவுதான், மயிலும் போயிற்று மாங்காயும் போயிற்று, இரண்டு கையையும் நீட்டி ஸ்கேலைப் பிடுங்கிவிட்டாள். "ஐயையோ அக்கா! எத்தனை நேர வேலை!" என்று ஷபானா தலையில் கை வைத்தாள். மன்னிச்சுக்க சாமி, மறுபடி வெச்சுக்கலாம், பணம் நான் தர்றேன், கையே வேணும்னாலும் தர்றேன். பச்சை மருதாணி இரும்பெல்லாம் அப்பியது. ஒரு கண்ணை மூடி, முன்குமிழ்த் திருகின் நடுவில் பூச்சியத்தை வைத்து, அசையாமல், மூச்சு விடாமல், மறு முனைக்குப் போனாள். பின்பிடித் திருகின் நடுவுக்கு எட்டு வந்து சேரவில்லை. இல்லை, எட்டுக்கு உள்ளே, அரை நூலைத் தாண்டி, முக்கால் நூலுக்குக் கொஞ்சம் இப்பால் நின்றது. எட்டு இஞ்சுக்கு எவ்வளவு சுருங்கவேண்டுமோ அவ்வளவு, ஒரு இம்மி கூடவும் இல்லை குறையவும் இல்லை. மறுபடி அளந்தாள், திருப்பி வைத்து அளந்தாள், அதேதான். அப்புறம் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அப்பா, அப்பா, என்ன வேலை பண்ணி வெச்சிருக்கீங்க, நீங்க ஊத்தினதுங்களா இது, நீங்களா, சொல்லவே இல்லையே, இல்லை, சொன்னீங்க, நாங்கதான்…

போனை எடுக்கவும் விரல் வழுக்கியது, திரையெல்லாம் பச்சை. ஷபானாவே துடைத்து, போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். மண்டபத்தில் பந்தல்காரர்கள் ஏணியை இழுக்கிற சத்தத்துக்கு நடுவில் அண்ணன் குரல் வந்தது. "எங்க புள்ள இருக்கற? சாமானைக் கொண்டாந்தியா இல்லியா?"

"அண்ணா, அது திருட்டுச் சாமானில்லீங்கண்ணா. அப்பா ஊத்தினது."

அவள் மூச்சு விடாமல் கொட்டினாள், முன்னுக்குப் பின்னாக, மெழுகுவத்தியை முதலிலும் மேனேஜரைக் கடைசியிலும், எட்டு இஞ்சை நடுவிலும். முடித்ததும் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அளந்தது யாரு?"

"நான்தானுங்கண்ணா. ரெண்டு தரம்."

அவ்வளவு போதும் அவருக்கு. இவள் அளந்தால் அளந்ததுதான் என்று கடையில் வருகிற எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறவர். ஏணிச் சத்தம் தூரமாகப் போயிற்று, மண்டபத்துக்கு வெளியே நடந்து போகிறார் போலிருக்கிறது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் ஒரு நாளாச்சும் அந்த மனுசன்கிட்டக் கேட்டிருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வீட்டில் இத்தனை பேர் இருந்து ஒருத்தருக்கும் கேட்க வாய் வரவில்லை. ஷபானா போனைப் பிடித்தபடி, யாரென்றே தெரியாத ஒரு ஆறுச்சாமிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள" என்றார் அண்ணன் திடீரென்று, குரலே மாறியிருந்தது. "நம்மளுது நம்ம அப்பா ஊத்தினதுன்னா, அவிங்களுது எங்கதான் போச்சு?"

அது சுலோச்சனாவுக்குத் தோன்றவே இல்லை. எங்கே போயிருக்கும், யார், என்று அவள் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் அண்ணன் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் இருமல் மாதிரி, அப்புறம் அடக்க முடியாமல், வாய்விட்டு. அவர் இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

"பொழுதோட வரட்டும் அந்தச் சின்ன முதலாளி" என்றார். "கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி, முதல் பந்தியில உக்கார வெச்சு, நானே பக்கத்துல நின்னு பரிமாறிட்டு மெதுவாக் கேக்கறேன். 'ஏனுங்க, உங்க இழைப்புளி இன்னுமா கிடைக்கலீங்க?'"